ஃபேன்டசி நாவல்: எந்த வாசகருக்கு எந்தப் புத்தகம்?

[திரையில்: சுங்கை சிப்புட் கடைத்தெரு. பிறகு, மேசை மேல் தடித்த ஆங்கில நாவல்கள்.]

வணக்கம். தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது என்று மந்திரமும் கற்பனை உலகமும் வரும் அறுநூறு பக்க ஃபேன்டசி நாவலை வாங்கிக் கொடுக்கிறோம். நாற்பதாம் பக்கத்தோடு அது அலமாரிக்குப் போய்விடுகிறது. உடனே, பிள்ளைக்குப் படிக்கிற பழக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். தப்பு பெரும்பாலும் பிள்ளை மேல் இல்லை. ஆளுக்கேற்ற புத்தகத்தை நாம்தான் பார்த்து எடுக்கவில்லை.

நம்மைப் போன்ற தோட்டத்து ஊர்களில் பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இணையத்தில் போடும் 'பன்னிரண்டு வயதுக்கு மேல்' என்கிற கணக்கு, ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளையை வைத்துப் போட்டது. வயதைப் பிறகு பார்க்கலாம். மொழி எவ்வளவு கனம் என்று முதலில் பாருங்கள்.

[திரையில்: திறந்த பக்கம், இரண்டு கைகள்.]

ஐந்து விரல் சோதனை பலருக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் புத்தகம் கனம். ஃபேன்டசிக்கு இது அப்படியே சரிப்படாது. ஊர், மலை, குலம், வாள் எல்லாவற்றுக்கும் எழுத்தாளர் புதுப்பெயர் வைத்திருப்பார். முதல் பக்கத்திலேயே விரல் தீர்ந்து, நல்ல புத்தகமும் தோற்றுவிடும்.

அதனால் இரண்டு கைகளையும் பயன்படுத்துங்கள். கற்பனைப் பெயருக்கு இடக்கை, உண்மையான ஆங்கிலச் சொல்லுக்கு வலக்கை. முப்பதாம் பக்கம் வாக்கில் சோதித்துப் பாருங்கள். வலக்கை ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இடக்கை மடங்கினால் பயப்படத் தேவையில்லை. பெயர் வந்த இடத்திலேயே அது என்னவென்று புரிகிறதா, அதை மட்டும் பாருங்கள்.

உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' முதல் வாக்கியத்திலேயே கோன்ட் என்ற பெயர் வருகிறது. அது ஒரு தீவு, ஒற்றை மலையாகக் கடலில் நிற்பது, மந்திரவாதிகளுக்குப் பேர்போனது என்று எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. கதையும் சுமார் இருநூறு பக்கத்தில் முடிகிறது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது கஷ்டம். ஆனால் உரையாடல் குறைவு. நடை பழங்கதை சொல்வதுபோல் நிதானமாகப் போகும். சண்டைக் காட்சி தேடும் பையனுக்குச் சப்பென்று இருக்கலாம்.

அந்தப் பையன் படிவம் நான்கைத் தொட்டவன் என்றால், பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' கொடுங்கள். வாக்கியங்கள் எளிது, மந்திரத்துக்குக் கறாரான விதி உண்டு. உலோகத்தை விழுங்கி வயிற்றில் 'எரித்தால்' சக்தி வரும். வெள்ளீயம் புலன்களைக் கூர்மையாக்கும், இரும்பு மற்ற உலோகத்தை இழுக்கும், எஃகு தள்ளும். தள்ளப்படும் பொருள் ஆளைவிடக் கனமாக இருந்தால் ஆள்தான் பின்னால் பறப்பார். இயற்பியல் பிடித்தவர்கள் இதை விடமாட்டார்கள். 2006 முதல் 2008-க்குள் மூன்று பாகங்களாக முடிந்த கதை. கொலையும் அடிமைக் கொடுமையும் இருப்பதால் படிவம் ஒன்றுக்கு வேண்டாம்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) பலருக்கு முகவுரையிலேயே நின்றுவிடும். ஹாபிட் என்னும் குள்ள மக்களின் வரலாறு, புகையிலைப் பழக்கம் என்று அது நீளும். முதல் வாசிப்பில் அதைத் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள், கதை அறுபடாது. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் பின்னிணைப்பு, அவையும் பிறகு ஆகட்டும். சிறுவர்களுக்கு அவரே எழுதி 1937-ல் வந்த 'தி ஹாபிட்' போதும்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் விழுங்கிய பெரியவர்களுக்கு அரண்மனைச் சதி வேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடர் அதற்குப் பொருத்தம். அத்தியாயத் தலைப்பே அதை யார் பார்வையில் படிக்கிறோம் என்று சொல்லிவிடும். அதனால் செம்பனை ஆலையில் ஷிப்டு பார்ப்பவர்கள் நாலு நாள் விட்டுப் படித்தாலும் கதை பிடிபடும். பாலியல் வன்முறை வெளிப்படையாக வரும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஐந்தாம் பாகம் வந்தது 2011-ல், முடிவு இன்னும் வரவில்லை. முடியாத கதை பிடிக்காதவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'தி வீல் ஆஃப் டைம்' முடிந்த தொடர்தான், ஆனால் பதினான்கு பாகம். ராபர்ட் ஜோர்டன் 2007-ல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து சாண்டர்சன் 2013-ல் முடித்தார். பத்தாம் பாகம் நகரவே நகராது. அதுவரை பொறுமை உள்ளவருக்கு மட்டும்.

[திரையில்: புத்தகங்களின் முதுகுப்பக்கம்.]

மலிவு விற்பனையில் மூன்றாம் பாகம் மட்டும் தனியாகக் கிடக்கும். அட்டையில் எண் இல்லாமலும் இருக்கும். உள்ளே, அதே தொடரின் புத்தகங்களை வரிசையாகப் போட்டிருக்கும் பக்கத்தைத் தேடி, கையில் இருப்பது எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.