அந்த எட்டு கிராம்

நேயர்களுக்கு வணக்கம். 'கஞ்சாவோட கையும் களவுமா பிடிச்சாங்க, அப்புறம் எப்படிங்க விடுதலை?' வக்கீல் என்று தெரிந்துவிட்டால் டீக்கடையில்கூட என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். 'சரி, சர்க்கார் அப்பீல் போகும், அங்கே மாட்டுவான்' என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்பீல் போகலாம். 90 நாள் கெடு. ஆனால் உயர் நீதிமன்றத்தில் வழக்கு முதலிலிருந்து நடக்காது. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைத்தான் நீதிபதிகள் படித்து எடைபோடுவார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. குற்றம் நிரூபணமாகும்வரை எல்லாரும் நிரபராதிதான். விடுதலை பெற்றவருக்கு அந்த அனுமானம் இன்னும் வலுப்பட்டுவிடுகிறது என்று 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால், விசாரணை நீதிமன்றம் பார்த்த விதத்தைக் கலைக்கக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றிய இடத்தில் போலீஸ் எழுதும் பதிவில், ஆய்வுக்கு எடுத்த மாதிரிப் பொட்டலம் 50 கிராம். ஆய்வக அறிக்கையில் 42. பொட்டலம் கோர்ட்டுக்குப் போனது பதினொன்றாம் நாள். அதுவரை எங்கே இருந்தது, அரக்கு முத்திரை யார் கையில் இருந்தது? ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. கஞ்சா காய்ந்தால் எடை குறையும், வாஸ்தவம்தான். ஆனால் அதை யாராவது கூண்டில் ஏறிச் சொல்லியிருக்க வேண்டும். அப்பீலில் அரசு வக்கீல் எழுந்து சொன்னால் அது வெறும் வாதம், சாட்சியமாகாது. 'போலீஸ் பொய் சொல்கிறது' என்று நீதிபதி நினைக்கத் தேவையே இல்லை. அந்த எட்டு கிராமைப் பற்றிச் சந்தேகம் வந்தால் போதும்.

விடுதலை ரத்தாகும் வழக்குகளும் உண்டு. பெரும்பாலும் கீழ்க் கோர்ட் சட்டத்தையே தப்பாகப் படித்த இடங்களில். போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, ஒருவர் உடம்பைச் சோதிக்கும் முன், 'மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்தால், உடம்பிலிருந்து எடுத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் பை உடம்பு ஆகாது. 2005இல், இமாச்சலப் பிரதேச அரசு கொண்டுபோன அப்பீலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பையில் கிடைத்த சரக்குக்கு 50ஆம் பிரிவைக் காட்டி விடுவித்திருந்தால், அந்தத் தீர்ப்பு அப்பீலில் ஆட்டம் காணும்.

அதனால், பொருள் தோளில் மாட்டிய பையில் இருந்ததா, மடியில் முடிந்திருந்ததா? அப்பீல் கட்டைப் பிரித்ததும் மகஜரில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.