கையுள்ள அயலவர்

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர், நாளை குப்பை வண்டி வரும் நாளா என்று பார்த்துவிட்டு, சமையலறைக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை இன்றிரவே வாசலில் வைப்பதா, விடிந்தபின் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நம் கனடாவின் ரொறன்ரோவில் அந்த யோசனைக்குக் காரணம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டதுபோல இருக்கும், இரவில் உலாவும் ரக்கூன் என்ற பிராணிதான். இந்நகரின் ஸ்காபுறோ பகுதியில் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருந்து, இந்தப் பிராணியை முதலில் வெறுத்து, பிறகு கவனித்து, இப்போது அதைப் பற்றி யார் கேட்டாலும் பேசத் தயாராக இருப்பவன் என்பதாலேயே என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ரக்கூன் புத்திசாலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் மூளையைப் புகழ்வதற்கு முன் அதன் கையைப் பாருங்கள் என்பதே என் வாதம்.

என் மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ஒரு கோடைகாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது இருந்தவை சிறிய, பழைய பச்சைத் தொட்டிகள். கூழ் காய்ச்சிய மறுநாள், நண்டுக் கோதும் மீன் தலையும் நிறைந்த தொட்டியின் மூடியை நைலோன் கயிற்றால் கட்டி, அதன்மேல் தாம் ஊரிலிருந்து சுமந்து வந்திருந்த அம்மிக் குழவியையும் தூக்கி வைத்துவிட்டு அவர் நிம்மதியாக உறங்கப் போனார். இரவு இரண்டு மணியளவில் 'தொம்' என்று ஒரு சத்தம். யன்னலைத் திறந்து பார்த்தால் தொட்டி சரிந்து கிடந்தது, குழவி உருண்டு புல்தரைக்குப் போயிருந்தது, கயிற்றைத் தளர்த்திவிட்டு ஒரு தடித்த ரக்கூன் உட்கார்ந்திருந்தது. மாமியார் ஊர்த் தமிழில் ஏசத் தொடங்கினார். அவர் அதை மரநாய் என்றே அழைத்தார். ஊரில் கூரைமேல் ஓடும் மரநாய்க்கும் இதற்கும் உறவில்லை என்று அந்த நேரத்தில் அவருக்கு விளக்க எனக்குத் துணிவு வரவில்லை. ரக்கூனோ எங்களையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. அது தெருவிளக்கை வெறித்துக்கொண்டிருக்க, கை மட்டும் தொட்டிக்குள் துழாவிக்கொண்டிருந்தது. இருட்டில் மேசை இழுப்பறையில் சாவி தேடும் மனிதரைப் போல.

அந்தக் காட்சிதான் என்னை மாற்றியது. கண் பார்க்க வேண்டிய வேலையை இந்தப் பிராணியின் கை பார்த்துவிடுகிறது. முன்னங்கையில் ஐந்து விரல்கள், அவற்றின் தோலில் மிக நுட்பமான தொடுவுணர்வு, மூளையிலும் அந்தத் தொடுவுணர்வுக்கென்று ஒதுங்கிய பெரிய பகுதி. உணவைத் தண்ணீரில் அலசுவதைப் பார்த்த ஜேர்மானியர் இதற்குக் 'கழுவும் கரடி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அது சுத்தம் பார்த்துக் கழுவுவதாக நான் நம்பவில்லை. நனைந்தால் அந்தக் கையின் உணர்வு கூடுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாழ்ந்த பவ்ஹற்றன் என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் கையால் தேய்ப்பது, சுரண்டுவது என்ற பொருளில் வழங்கிய சொல்லே ஆங்கிலேயர் வாயில் ரக்கூன் ஆனது. அந்த மக்களும் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

1907இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரக்கூன்களுக்கு 13 வகைப் பூட்டுகள் கொடுக்கப்பட்டபோது அவை 11ஐத் திறந்துவிட்டன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் நகரசபைக்கும் அதே பாடம் கிடைத்தது. 3 கோடியே 10 லட்சம் டொலர் செலவில், 2016 முதல் புதிய பச்சைத் தொட்டிகள் வீடு வீடாக வந்தன. கைப்பிடியைத் திருகினால்தான் மூடி திறக்கும், அல்லது வண்டி தூக்கிக் கவிழ்க்கும்போது தானாகத் திறக்கும். ரக்கூனுக்கு நம்மைப் போல மற்ற விரல்களோடு எதிர்ப்படும் பெருவிரல் இல்லாததால் அந்தத் திருகல் அதற்குக் கடினம் என்பதே கணக்கு. ஆனால் தொட்டியை முதலில் தரையில் சாய்த்துவிட்டுக் கைப்பிடியைத் திருகித் திறக்கும் ரக்கூனின் காணொளி 2018இல் வெளிவந்தது. எல்லா ரக்கூன்களும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வீட்டுத் தொட்டி இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசான் மக்டொனால்ட் இந்நகர ரக்கூன்களுக்கு இடமறி கருவி பொருத்திய கழுத்துப்பட்டிகளைக் கட்டிப் பார்த்தார். அவை சில தெருக்களுக்குள்ளேயே வாழ்வதும், பெரிய வீதிகளைக் கடக்காமல் தவிர்ப்பதும் அதில் தெரிந்தன. அதாவது நீங்கள் துரத்தும் ரக்கூன் எங்கிருந்தோ வந்த வழிப்போக்கன் அல்ல. உங்கள் தெருவிலேயே, எந்த வீட்டுக் கூரை ஓட்டை, எந்த வீட்டுப் புகைபோக்கி, எந்த வீட்டில் பூனைக்கு வெளியே சோறு வைக்கிறார்கள் என்பதையெல்லாம் உங்களைவிட நன்றாக அறிந்த அயலவர். 2015 யூலையில் யங் தெரு நடைபாதையில் இறந்து கிடந்த ஒரு ரக்கூனை நகரசபை அகற்றத் தாமதித்தபோது, மக்கள் அதைச் சுற்றி மெழுகுவர்த்தியும் பூவும் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் பாதி கேலி என்றாலும், கேலி செய்வதற்கும் ஓர் உறவு வேண்டியிருக்கிறது.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம் என்று பொருள். நோய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 2015 டிசம்பரில் அருகிலுள்ள ஹமில்ற்றன் நகரில் ரக்கூன்களிடையே விசர்நோய், அதாவது ரேபிஸ், மீண்டும் தென்பட்டது. அதன்பின் நம் ஒன்ராறியோ மாகாண அரசு, ரக்கூன்கள் தின்பதற்காகத் தடுப்பு மருந்து அடங்கிய இனிப்புப் பொதிகளை வெளியில் போட்டு வருகிறது, அவற்றைக் கண்டால் தொடாதீர்கள். ரக்கூன் ஒரே இடத்தில் மலம் கழிக்கும் வழக்கமுடையது, அதில் ஆபத்தான புழு முட்டைகள் இருக்கக்கூடும், ஆகவே பிள்ளைகளின் மணல் தொட்டியை மூடி வையுங்கள். பொறி வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடலாம் என்று நினைக்காதீர்கள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விடுவதை ஒன்ராறியோ சட்டம் அனுமதிப்பதில்லை. கடைசியாக, இளவேனிலில் கூரைக்குள் சத்தம் கேட்டால் ஓட்டையை உடனே அடைத்துவிடாதீர்கள். உள்ளே கண் திறக்காத குட்டிகள் இருக்கலாம், தாய் வெளியே நின்று அந்தக் கையால் உங்கள் கூரையைப் பிரித்துவிடும்.

நன்றி, வணக்கம்.