தண்ணீர் எதுவரைக்கும் நின்றது?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் டெல்லியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கடலூருக்குத் திரும்பியவன் நான். காரணம் குளிர்தான். ஜனவரி மாதம் வந்தால் என் மனைவிக்கு முழங்காலை மடக்கவே முடியாது. இங்கே மார்கழியில்கூட ஒரு போர்வை போதும். இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கிறார். அதனால் வெதுவெதுப்பான ஊர் வேண்டும் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த இதத்தைக் கொடுக்கிற அதே கடலில் இருந்துதான் புயலும் வருகிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

அந்த மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. தென்பெண்ணைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். இங்கே தண்ணீரே நிற்காது சார் என்று தரகர் சொல்லியிருந்தார், நானும் நம்பினேன். மழை ஓய்ந்துவிட்டது, சரி, தப்பித்தோம் என்று தூங்கினோம். டிசம்பர் 2 அதிகாலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். எங்கேயோ மேலே பெய்த மழை எங்கள் வாசலுக்கு வந்து, முழங்கால் அளவு ஏறியது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, கொள்ளிடம் எல்லாம் கடலில் கலக்கிற மாவட்டம் இது. நம் ஊர் மழையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது.

வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் வருகிறார்கள். அப்போது எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகையில் வந்து பாருங்கள். தரகரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடம், 2015-ல் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது, 2024-ல் எதுவரைக்கும் என்று கேளுங்கள், கையால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். பழைய கிராம வரைபடத்தில் அந்த இடம் ஏரியாகவோ ஓடையாகவோ இருந்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வெயிலையும் லேசாக நினைக்கக் கூடாது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. மேற்குக் காற்று பலமாக அடிக்கிற மே மாத நாட்களில் கடற்காற்று உள்ளே வரவே தாமதமாகும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில், மதியம் ஒதுங்க ஓர் அறையாவது சூடேறாமல் இருக்க வேண்டும்.

நாங்கள் கடலூரை விட்டுப் போகவில்லை, தெருவைத்தான் மாற்றினோம். மாடி வீடுதான் பாதுகாப்பு, ஆனால் மனைவியின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாதே! கடைசியில் மேட்டுப் பகுதியில், அடித்தளம் உயர்த்திக் கட்டிய வீடாகத் தேடிப் பிடித்தோம். வாசலுக்கு ஐந்து படி, பக்கத்தில் கைப்பிடி வைத்திருக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிவிடுகிறார்.