பிள்ளையின் கணையம் வீங்கினால்: சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்டீராய்டு

(திரையில்: மஞ்சள் காயும் களம். குரல் மட்டும்.)

கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு வீடு, அதில் 13 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வயிற்றில் வலி. முதுகு வரைக்கும் இழுக்கிறது. ஒரு மாதமாக வருவதும் போவதுமாக இருக்கிறது. அம்மாயி குடலேற்றம் என்று சொல்லி விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். அப்புறம் ஒரு காலையில் அம்மா கவனிக்கிறார்: பையனுக்கு ஒன்றுக்குப் போவது கடுங்காப்பி நிறம், வெளிக்குப் போவது சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுப்பு. கண்ணிலும் மஞ்சள். ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிகிறான்.

காமாலை என்றதும் கீழாநெல்லி அரைக்க ஓடுவோம். பிள்ளைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் வைரஸால் வருவதுதான். அதிலும் சில நாள் மலம் வெளுக்கலாம். ஆனால் வெளுப்பு நீடித்து, கூடவே வலியும் அரிப்பும் இருந்தால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வயிற்றை ஸ்கேன் செய்யாமல் இருக்கக் கூடாது.

(திரையில்: தென்னைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாய். ஒரு கை அதை அழுத்துகிறது.)

இந்தக் குழாயைப் பாருங்கள். குழாயில் பழுது ஒன்றும் இல்லை, வெளியிலிருந்துதான் அழுத்தம். கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய், குடலில் சேரும் முன் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் போகிறது. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நீரும் இன்சுலினும் சுரக்கும் உறுப்பு. அங்கே வீக்கம் வந்தால் குழாய் நசுங்கும், பித்தம் தேங்கும், கண் மஞ்சளாகும்.

கணையம் ஏன் வீங்குகிறது? கல், அடிபட்டது, பரம்பரை என்று காரணங்கள் பல. அபூர்வமான ஒன்று, நம் எதிர்ப்புச் சக்தியே கணையத்தை எதிரி என்று நினைத்துத் தாக்குவது. தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்பது அதன் பெயர். 1995-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்த பெயர் இது. 2001-ல் அதே நாட்டில், இந்த நோயுள்ள பெரியவர்களின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 என்ற புரதம் கூடியிருப்பதைக் கண்டார்கள்.

குழப்பம் இங்கேதான். "ஏனுங்க டாக்டர், அந்த ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்துருச்சே, அப்ப அது இல்லீங்களா?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல முடியாதுங்க. பல நாடுகளிலிருந்து திரட்டிய 48 பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, பரிசோதித்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குத்தான் ஐ.ஜி.ஜி.4 கூடியிருந்தது. வயிற்றுவலி பத்தில் ஒன்பது பேருக்கு, காமாலை பத்தில் நான்கு பேருக்கு. கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் ரத்தத்தில் எல்லோருக்கும் எகிறுவதில்லை. அதனால் ரத்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது.

(திரையில்: பக்கத்தில் பக்கத்தில் ஒரு பாகற்காய், ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு.)

படம்தான் அடுத்த சாட்சி. நல்ல கணையத்தின் ஓரம் பாகற்காய் போல மேடு பள்ளமாக இருக்கும். இந்த நோயில் மேடு பள்ளம் மறைந்து, வள்ளிக்கிழங்கு போல வழவழப்பாக உப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் (டி1) அது கருத்துத் தெரியும். பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற படம் எடுத்தால் நடுவில் ஓடும் கணையக்குழாய் அங்கங்கே மெலிந்திருப்பது தெரியும். சில பிள்ளைகளுக்குத் தலைப்பகுதி மட்டும் வீங்கிக் கட்டி போலவே நிற்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு நின்றுவிடும். பிள்ளைகளுக்குக் கணையப் புற்றுநோய் மிக மிக அரிது. ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று அங்கே வரலாம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தன்னெதிர்ப்பு வீக்கத்துக்குக் கொடுப்பது ஸ்டீராய்டு, லிம்போமாவும் அதே ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டு "வீக்கம் வடிந்தது, அப்போ இதுதான் நோய்" என்று நினைத்தால், உள்ளே இருந்த புற்று முகத்தை மறைத்துக்கொள்ளும்.

அதனால்தான் மருந்துக்கு முன்னால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். பிள்ளையை மயக்கத்தில் வைத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் குழாயை இறக்கி, இரைப்பைச் சுவர் வழியாகவே ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. நுண்ணோக்கியில் வெள்ளணுக்கள் குழாய்களைச் சூழ்ந்து நிற்பதும், தழும்பு படர்ந்திருப்பதும் தெரிந்தால் நோய்க்கு வலுவான ஆதாரம். எல்லாப் பிள்ளைக்கும் போதிய சதை கிடைத்துவிடாது. அப்போது படம், அறிகுறிகள், மருந்துக்கு உடம்பு காட்டும் பதில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எங்கள் வேலையில் மிகக் கஷ்டமான இடம் அது.

ஒரு வேண்டுகோள். ரத்தம் கலந்து வெளிக்குப் போனதுண்டா, வீட்டில் யாருக்காவது குடல் அழற்சி, தைராய்டு உண்டா, ஏற்கெனவே வேறெதற்காவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டால் மறைக்காதீர்கள். பெருங்குடல் அழற்சி இந்த நோயோடு சேர்ந்து வருவதுண்டு.

நோய் இதுதான் என்றால், ஸ்டீராய்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே வலியும் மஞ்சளும் இறங்கும். மருந்தில்லாமலே சரியான பிள்ளைகளும் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீக்கம் வடிந்த பிறகும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோவைக்கோ பெருந்துறைக்கோ மறுபடி வரும்போது பழைய எம்.ஆர்.ஐ. படம் பதிந்த சி.டி. தட்டைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். புதுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மெலிந்திருந்த கணையக்குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும்.