கழுநீர்ப் பானையும் வான்கோழியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வெட்டிப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களைச் சேர்த்துவைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். வீட்டில் இதையே வெட்டிவேலை என்பார்கள்.

சேர்த்ததில் ஒன்று தெரிந்தது. பொருளற்ற பேச்சைக் குறிக்கிற சொல்லைப் பிரித்தால், உள்ளே கண்ணால் காணக்கூடிய ஏதோ ஒன்று இருக்கும். ஹாக்வாஷ் என்றால் பன்றிக்கு வைக்கும் கழுநீர். திருவல்லிக்கேணியில் எங்கள் வாசலில் கழனித்தண்ணிப் பானை ஒன்று இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் அதில் போகும். மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போவார். அந்த வாடைதான் ஆங்கிலேயர்களுக்குச் சிலர் பேச்சிலும் அடித்திருக்கிறது! மாடு அதை ஆசையாகக் குடிக்கும் என்பது வேறு விஷயம். ட்ரிவல் என்பது வாயில் ஒழுகும் எச்சில். நம் ஜொள்ளுதான், நாம் அதை வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டோம். கிளாப்டிராப், நாடக மேடையில் கைதட்டல் வாங்கவென்றே வைத்த வசனம். பட்டிமன்றம் கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பங்க்கம். பங்க்கம் என்பது ஓர் இடத்தின் பெயர். அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் ஒரு மாவட்டம். 1820-ல் வாஷிங்டனில், அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரசில் விவாதம்: மிசௌரியை ஒரு மாநிலமாகச் சேர்ப்பதா, அங்கே அடிமைமுறையை அனுமதிப்பதா? கனமான விஷயம். பேசிப் பேசி எல்லோரும் களைத்து, ஓட்டெடுப்புக்கு வாருங்கள் என்கிறார்கள். அப்போது பார்த்து ஃபெலிக்ஸ் வாக்கர் என்ற உறுப்பினர் எழுந்திருக்கிறார். உட்காரும் ஐயா என்று கூச்சல். அவரோ, நான் பங்க்கத்துக்காகப் பேசுகிறேன் என்றாராம். அவர் தொகுதியில்தான் பங்க்கம் இருந்தது. அன்றுமுதல் அந்த ஊர்ப்பெயரே வெற்றுப் பேச்சுக்குப் பெயராகிவிட்டது. பாவம், அந்த ஊர் என்ன செய்தது?

வாக்கர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. நான் மட்டும் என்ன? எதிரே ஒலிப்பதிவு அறையின் வெறும் கண்ணாடித் தடுப்பு. பெரம்பூரில் யாரோ சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே கேட்பார்கள் என்று நம்பித்தானே பேசுகிறேன்.

அப்புறம் அலுவலகப் பாஷை. 1944-ல் மோரி மேவரிக் என்ற டெக்சாஸ்காரர், அரசாங்கக் குறிப்புகளின் நடை பொறுக்காமல் அதற்கு காபிள்டிகூக் என்று பெயர் வைத்தார். டெக்சாஸ் வான்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொக்கரிப்பதை நினைத்து வைத்த பெயராம். இம்ப்ளிமென்டேஷன் என்று எழுதுகிறவர் சுடப்படுவார் என்றும் சுற்றறிக்கை விட்டார்! ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர்களுக்கு அவர் கோபம் புரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம். பீலா, உடான்ஸ், கப்சா, பம்மாத்து என்று நம் சென்னைச் சரக்கு மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது. சரி, வள்ளுவரை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன்:

பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல்
மக்கட் பதடி யெனல்.

அப்படிப்பட்டவனை மனிதன் என்னாதே, மனிதப் பதடி என்று சொல் என்கிறார். பதடி என்றால் பதர். உள்ளே அரிசியில்லாத நெல். முறத்தில் புடைத்தால் பறந்துபோகுமே, அது. விளக்கு அணையப்போகிறது. வணக்கம்.