கொப்பியை மூடச் சொல்லுற அணியின்ர பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், பந்தலுக்க இருக்கிற சனத்துக்குப் பெரிய வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும், வீட்டில வைச்சுப் படிப்பிக்கிற சின்னப் பிள்ளைக்கு ஒருநாள் கணக்கு ஓடேல்ல எண்டால் இருத்தி வைச்சு முடிப்பிக்கிறதோ, கொப்பியை மூடுறதோ. நாங்கள் மூடச் சொல்லுற ஆக்கள். வீட்டில படிப்பிக்கிறது எங்களுக்குப் புதுசு எண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ, 2020 மார்ச்சில பள்ளிக்கூடமெல்லாம் பூட்டினாப்பிறகு வன்னியில எல்லா அம்மாவும் ரீச்சர்தான், சிலபேருக்கு அந்தக் குணம் இன்னும் போகேல்ல.

எனக்கு முதல் கதைச்ச அண்ணை சட்டம் எல்லாம் சொன்னவர், 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வியாம். ஓம் அண்ணை, சரி. ஆனா செவ்வாய்க்கிழமை கணக்குப் பிழைக்கக்கூடாது எண்டு அந்தச் சட்டத்தில எங்க கிடக்கு?

ஏன் செவ்வாய்க்கிழமை எண்டுறன் தெரியுமோ. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அக்கா, மகளுக்கு ஆறு வயசு, பாயில இருத்தித்தான் பாடம். திங்கக்கிழமை ஏழும் அஞ்சும் எத்தினை எண்டு கேக்க பன்னிரண்டு எண்டு டக்கெண்டு சொன்ன பிள்ளை, செவ்வாய்க்கிழமை பதின்மூண்டு எண்டுது. வடிவா யோசி எண்டால் பத்தாம். அக்காவுக்கு ஏறிட்டுது. அப்பா யாழ்ப்பாணம் போயிட்டு வரேக்க பஸ் முறிகண்டியில நிண்ட நேரம் வாங்கின கச்சான் கடலைச் சரை ஒண்டு கிடந்தது, அதை உடைச்சு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் அஞ்சு வைச்சு, எண்ணடி எண்டா. பிள்ளை எண்ணிச்சுது, பதினொண்டு. திருப்பி எண்ணு. பத்து. ஒரு குட்டு. கண்ணைத் துடைச்சுப்போட்டு எண்ணிச்சுது, ஒன்பது. "இஞ்சருங்கோப்பா, உங்கட மகளுக்கு நேற்றுத் தெரிஞ்ச கணக்கு இண்டைக்குத் தெரியேல்ல" எண்டு அக்கா கத்த, அப்பா ஓடிவந்து பார்த்தார், பார்த்திட்டு ஒண்டுதான் சொன்னார். "பிள்ளை, வாயைத் திற."

பொறுங்கோ, பொறுங்கோ. நடுவர் ஐயா விளங்காத மாதிரிப் பாக்கிறார், அவருக்காக ஒருக்கா திருப்பிச் சொல்லுறன். பிள்ளை எண்ணினது முழுக்கச் சரி! ஒண்டு வாய்க்குள்ள போக பதினொண்டு, இன்னொண்டு போக பத்து. அம்மா கேட்டது கூட்டல், பிள்ளை செய்து காட்டினது கழித்தல், அதுவும் அழுதுகொண்டும் சப்பிக்கொண்டும். இதுக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைச்ச பரிசு குட்டு. மிச்ச ஒன்பதையும் அப்பா தன்ர வாயில போட்டிட்டுப் போயிட்டார், கடைசி விடை பூச்சியம்.

இப்ப அண்ணையின்ர அந்த வசனத்துக்கு வாறன், நீங்களும் கைதட்டினீங்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். "கணக்குக் கொப்பியை மூடுற வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கத்தான் சரி." அண்ணை, முல்லைத்தீவில நிண்டுகொண்டு சொல்லுற கதையோ இது? பட்டிக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பின்னேரம் மாடு பட்டிக்க ஏறேக்க அவர் விரல் மடிச்சு எண்ணமாட்டார், பார்த்த பார்வையிலயே "வெள்ளை நாகு வரேல்ல, அந்தக் கொம்பு முறிஞ்ச நாம்பனும் இல்லை" எண்டுவார். காலபோக நெல்லு விதைச்ச உடன ஆரின்ர வயலும் மிதிபடாமல் அவ்வளவு மாட்டையும் எந்த மேய்ச்சல் தரவைக்குச் சாய்க்கிறது, எத்தினை நாளைக்குப் புல் காணும், பாலில கொழுப்புக் குறைஞ்சால் லீற்றருக்கு எவ்வளவு வெட்டுவாங்கள், எல்லாம் தலைக்குள்ளதான் போடுறார், கொப்பியும் இல்லை கல்குலேற்றரும் இல்லை. நீங்கள் காலமை குடிச்ச பால்தேத்தண்ணி அந்தக் கணக்கில வந்தது அண்ணை. உங்களை ஒரு கிழமை பட்டியில விட்டால் மாடு உங்களை மேய்ச்சுப்போடும்.

சரி, பதின்மூண்டு எண்டு சொன்னதுக்கு என்ன சொல்லுறாய் எண்டு கேப்பியள். சீக்லர் எண்டு ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர், சின்னப் பிள்ளையள் கூட்டுறதைப் பக்கத்தில இருந்து பார்த்த மனிசன். அதே பிள்ளை, அதே கணக்கு, ஒருநாள் விரலை மடிக்கும், இன்னொருநாள் நினைவில இருந்து சொல்லும், ஒரு முறையைப் பழகினாப்பிறகும் பழைய முறைக்குப் போய்ப் போய் வரும். அது படிக்கிற விதமே அப்பிடித்தான். அதுக்குமேல பயமும் ஏறினால் ஏழு எண்டதை மனசில வைச்சுக்கொண்டு அஞ்சைக் கூட்ட ஏலாது. இரணைமடுக் குளம் 36 அடி பிடிக்கும் எண்டதுக்காக ஆவணியிலயும் 36 அடி நிக்குதோ? தண்ணி இறங்கினால் குளத்துக்கு ஆராவது குட்டுறமோ?

இவ்வளவு நேரமும் நான் சிரிப்புக் காட்டின அந்தக் கச்சான் அக்கா, அவ ஏன் குட்டினவ எண்டதை நான் இன்னும் சொல்லேல்ல. அவவிட்டக் கேட்டிட்டுத்தான் சொல்லுறன். 2008 இல சண்டை இறுகேக்க அவ எட்டாம் ஆண்டு, பிறகு இடம்பெயர்ந்து ஓடின ஓட்டம்தான். கிளிநொச்சியில இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், பிறகு செட்டிகுளம் முகாம். கணக்கில கெட்டிக்காரி. பங்கருக்க விட்டிட்டு வந்த கொம்பாஸ் பெட்டியைப் பற்றி இண்டைக்கும் கதைப்பா, அதுக்க பாகைமானி மட்டும் புதுசாம், ஒருநாள்தான் பாவிச்சதாம். போனது அந்த ரெண்டு வருசப் படிப்புத்தான் எண்டு நாங்கள் நினைப்பம், ஆனா அதுக்குப்பிறகு அவவால பிடிச்சு ஓட ஏலாமப் போயிட்டுது. அதால மகள் பதின்மூண்டு எண்டு சொல்லேக்க அவவுக்குக் கேட்டது ஒரு பிழையான விடை இல்லை, எல்லாம் திரும்பக் கைவிட்டுப் போகுது எண்டுதான் கேட்டது. இந்தப் பந்தலுக்க இப்பிடி எத்தினை அம்மாமார் இருக்கிறியள்?

நடுவர் ஐயா, மணியில கையை வைக்காதேங்கோ, முடிச்சிட்டன். அக்கா, நீங்கள் மூண்டாவது வரிசையில இருக்கிறியள், உங்களுக்கே சொல்லுறன். கொப்பியை மூடுங்கோ. நாளைக்கும் அவள் அதே வீட்டில அதே பாயிலதான் இருப்பாள், ஒருத்தரும் இரவோட இரவா எழுப்பி மூட்டையைக் கட்டு எண்டு சொல்லப்போறேல்ல. வணக்கம்.