மளிகைப் பையும் மாலை வகுப்பும்: விளைவை அளப்பது எப்படி?

(திரையில்: திருப்பூர் லைன் வீட்டு வரிசை. ஒரு வாசலில் மளிகைப் பை.)

2020 மார்ச் 25. ஊரடங்கு. பனியன் கம்பெனிகள் மூடின. தொண்டு நிறுவனங்கள் வீடு வீடாக மளிகைப் பை கொடுத்தன. எத்தனை பை போனது என்பது வெளியீடு. பை போன வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரிந்தது என்பது விளைவு. அந்த விளைவை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப வேலையை அமைப்பதுதான் விளைவுசார் மேலாண்மை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் நாலு பேருக்கு 1,600 கிராம். 10 கிலோ பை ஆறே நாளில் காலி. கேஸ் தீர்ந்த வீட்டில் அதுவும் மூட்டையாகவே கிடக்கும். பீகார்க்காரர் வீட்டில் கோதுமை மாவு கேட்பார்கள்.

அதனால் ஏழாம் நாள், பட்டியலில் பத்துக்கு ஒரு வீடு எடுத்து, போனில் மூன்றே கேள்வி. நேற்று எத்தனை வேளை சமைத்தீர்கள்? கேஸ் இருக்கிறதா? வாடகை எத்தனை மாதம் பாக்கி? போன் எடுக்காத வீட்டை விட்டுவிட்டுச் சராசரி போடாதீர்கள். ரீசார்ஜ் செய்யக்கூட முடியாத வீடாக அது இருக்கலாம். பக்கத்து மளிகைக் கடையில் விசாரியுங்கள்.

(திரையில்: பல்லடம் பக்கம், தறிச் சத்தத்துக்கு நடுவே மாலை வகுப்பு.)

தொற்று தணிந்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறந்தன. நம் தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பும் அப்போது தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? பள்ளி மூடுவதற்கு முந்தைய 2019 கணக்கோடு ஒப்பிட்டாலோ நல்ல வகுப்பும் தோற்றதுபோலத் தெரியும்.

தொடக்க அளவீட்டைப் புதிதாக எடுங்கள். இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக, சத்தமாக வாசிக்கட்டும். எழுத்து, சொல், வாக்கியம், கதை: எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள். அடுத்த முறை அதே அளவு கடினமான வேறு பத்தி கொடுங்கள், பழையது மனப்பாடமாகியிருக்கும். சோதிப்பவர் அந்த வகுப்பை எடுப்பவராக இருக்கக் கூடாது.

அதே பள்ளிக்குப் போகும், நம் மையம் இல்லாத பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் அப்படியே அளக்க வேண்டும். நம்மிடம் 50 பேரில் 20 பேர் கதைப் படிக்கு ஏறி, அங்கே 50-க்கு 12 பேர் ஏறியிருந்தால், நாம் சொல்லிக்கொள்ளக்கூடியது சுமாராக 8 பேர். 20 என்று எழுதினால் வாத்தியார் உழைப்பும் நம் கணக்கில் ஏறிவிடும். தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டமாக 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எந்த ஊரில் நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: வருகைப் பதிவேடு. ஒரு பெயர் மேல் சிவப்புக் கோடு.)

இந்தக் கோட்டைக் கவனியுங்கள். நின்றுபோன பிள்ளையின் பெயரை அடித்துவிட்டால் சதவீதம் தானாக ஏறும். ஆனால் அந்த 13 வயதுப் பெண் ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிருந்தால்? நம் திட்டத்துக்கு மிகவும் தேவைப்பட்டவளே அவள்தான். பெயரை அடிக்காமல் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: ஊர் மாறியது, வேலைக்குப் போனது, வீட்டில் தம்பியைப் பார்ப்பது. அந்த வாரமே ஒருவர் அவள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். அந்தப் பஸ் செலவையும் பட்ஜெட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.